ஏழாவது சீட்டு

போன வாரம் நிவேதா என்கிற பெண் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் அவள் உதவிப் பேராசிரியை. கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சியை முடித்துவிட்டாள். வரும் வியாழக்கிழமை அவளுக்குப் பொது வைவா. அழைப்பிதழுக்குக் கீழேயே இன்னொரு செய்தி இருந்தது: "மேடம், உங்க கேள்வி நம்பர் நாலு. ஒரு தடவை படிச்சு வச்சுக்கிறீங்களா? ஆன்சர் நான் ப்ரிப்பேர் பண்ணிட்டேன்."

வெளியாருக்கு இது விளங்காது. ஆய்வேட்டைப் பெரிய ஆட்கள் படித்து நல்லபடியாக எழுதிக் கொடுத்த பிறகு, கடைசிச் சடங்காக ஓர் அரங்கில் எல்லோர் முன்னாலும் நின்று அதை விளக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். யாருமே கேட்காவிட்டால் குறிப்பு காலியாக இருக்கும், பார்க்க நன்றாக இராது. அதனால் ஆராய்ச்சி செய்தவரே ஏழெட்டுக் கேள்விகளை எழுதித் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பது நெடுநாள் வழக்கம். எங்கள் காலத்தில் துண்டுச் சீட்டு, இப்போது வாட்ஸ்அப். பரீட்சை அறையில் பிட் பிடித்தே தலை நரைத்த கூட்டம், தன் பரீட்சை என்று வந்ததும் தானே பிட் எழுதி ஊருக்கு விநியோகம் செய்யும்.

நிவேதாவுக்கு "சரிம்மா" என்று பதில் போட்டுவிட்டேன். என் வைவாவுக்கு நான் எழுதிய ஏழாவது சீட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதை எழுதி இறக்கிவைத்தால்தான் வியாழக்கிழமை அந்த அரங்குக்குள் என்னால் கால் வைக்க முடியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருடத்துக்கும் மேல் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். அத்தனை வருடமும் பேச பயந்தவள். முதல் மணி அடிக்கும் முன் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போவேன். உள்ளங்கை வியர்த்துச் சாக்பீஸ் பிசுபிசுத்துவிடும். புது அரங்கில் நுழைந்தால் மேலே எத்தனை மின்விசிறி இருக்கிறது என்று எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் மூச்சு கொஞ்சம் சீராகும். இதை என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். "செண்பகம் மேடமா? அவங்க க்ளாஸ்ல ஊசி விழுந்தா சத்தம் கேக்கும்" என்பார்கள். ஊசி விழுந்தால் எனக்குத்தான் முதலில் கேட்கும். அத்தனை பதற்றம்.

கப்பலூர் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வகுப்பு அறுபது பையன்கள், பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு என்று மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த பாடத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். இங்கிலீஷில், மூச்சு விடாமல், கரும்பலகையைப் பார்த்தபடி. திரும்பினால் எல்லோரும் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து பெயர் வாசித்தேன். ஒரு பையன் மட்டும், "மேடம், இப்பத்தேன் எடுத்தீங்க" என்றான். "இருக்கட்டும், இடையில யாரும் போயிட்டீங்களான்னு பாக்குறேன்" என்றேன். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை, காது அடைத்துக்கொண்டிருந்தது.

போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகியது பயத்தை மறைக்கிற வித்தை மட்டும்தான்.

நாற்பது வயதை நெருங்கும்போது பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் இனிமேல் வகுப்பெடுக்க முடியாமல் போகும் என்று கல்லூரியில் பேச்சு கிளம்பியிருந்தது. எனக்குக் கைடாக வாய்த்தவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர், எப்போதும் அரைக்கைச் சட்டை, மார்புப் பையில் மடித்த காகிதங்கள். அந்தப் பையிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுப்பார்: பேருந்து டிக்கெட், மாத்திரை அட்டை, நாம் போன மாதம் எழுதிக் கொடுத்த சமன்பாடு.

அவரிடம் ஒரு முறை இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அவர் துறையின் சின்ன அரங்கில் அவரவர் ஆராய்ச்சியை அவர் ஒருவருக்கு மட்டும் பேசிக் காட்ட வேண்டும். படங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டு ஆரம்பிப்போம். சார் சுவரோரம், சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது படமோ நாலாவது படமோ வரும்போது எழுந்துகொள்ளாமலே கையை நீட்டி புரொஜெக்டரை அணைத்துவிடுவார்.

"கரண்ட் போயிருச்சு. நீ சொல்லு."

முதல் தடவை எனக்கு ஒன்றும் வரவில்லை. திரை வெள்ளையாக இருந்தது, என் தலையும் அப்படித்தான் இருந்தது. சார் உதவ மாட்டார். தலையைக்கூட ஆட்ட மாட்டார். பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். அந்த டிக் டிக் சத்தத்தில் நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், "தெரியல சார்" என்றேன். "சரி, உக்காரு. அடுத்த மாசம் பாப்பம்" என்றார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஆரப்பாளையம் வந்து விளாங்குடி பஸ் ஏறுகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று. எத்தனை சனிக்கிழமை கரண்ட் போயிருக்கும் என்று கணக்கில்லை. ஒரு கட்டத்தில், திரை அணைந்ததும் கையை வீசிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். அப்படிப் பேசும்போதுதான் எனக்கு எது விளங்கியிருக்கிறது, எது விளங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

ஆராய்ச்சி இதுதான்: கையால் எழுதிய தமிழ் எழுத்தைக் கணினி படிக்க வேண்டும். இன்றைக்குக் கைபேசியே படித்துவிடுகிறது, அன்றைக்கு அது பெரிய வேலை. அதற்குப் பலருடைய கையெழுத்து வேண்டும். கட்டம் போட்ட தாள் அச்சடித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுத வைத்து, கீழே பெயரும் வயதும் வாங்கினேன். இருநூற்றுச் சொச்சம் தாள் சேர்ந்தது. அதை இரண்டு கட்டாகப் பிரித்தேன். ஒரு கட்டைக் காட்டிக் கணினிக்குப் பாடம் நடத்த வேண்டும், இன்னொரு கட்டை வைத்து அதற்குப் பரீட்சை நடத்த வேண்டும். பரீட்சைக் கட்டில் இருப்பவர்களின் கையை அது முன்னால் பார்த்திருக்கவே கூடாது. பார்த்திருந்தால், வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கையே பரீட்சையில் கேட்ட மாதிரி ஆகிவிடும். என் கணினி பரீட்சையில் பிரமாதமாகத் தேறியது. முன்பின் பார்த்திராத மனிதரின் எழுத்தையும் இது படிக்கும் என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே பெருமையாக எழுதினேன். வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்துவிட்டு நல்லபடியாக எழுதிக் கொடுத்தார்கள். வைவாவுக்கு நாள் குறித்தாயிற்று.

அந்த மாதம் முப்பதாம் தேதி தேவசகாயம் சார் ஓய்வு பெறுகிறார். அவருடைய கடைசி மாணவி நான். கல்லூரியிலும் அந்தக் கல்வியாண்டுக்குள் பட்டம் முடிக்காதவர்கள் இனி லேப் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நின்றது.

வைவாவுக்கு எட்டு நாள் முன்னால் கேள்விச் சீட்டு எழுதுகிற வேலை வந்தது. என் கையெழுத்து கோழி கிறுக்கல். அதனால் எங்கள் கல்லூரி லேப் இன்ஸ்ட்ரக்டர் பால்பாண்டியிடம் கொடுத்தேன். அவன் என் பழைய மாணவன், உசிலம்பட்டிப் பக்கம். முத்து முத்தாக எழுதுவான். படிக்கிற காலத்தில் பாதி வகுப்புக்கு அவன்தான் ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம். ஏழு சீட்டையும் எழுதி என் மேசையில் பரப்பி வைத்துவிட்டுப் போனான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ண' எழுத்து கண்ணில் பட்டது. மூன்று சுழியும் முடிந்த பிறகு, கடைசிக் கோட்டை இறக்கி அடியில் சின்னதாக ஒரு கொக்கி போட்டிருந்தான். ஒன்பது வருடம் இருநூறு பேருடைய எழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தவள் நான். அந்தக் கொக்கி எனக்குத் தெரியும். வேறு வேறு பெயர் போட்ட தாள்களில் அதைப் பார்த்திருக்கிறேன்.

டப்பாவை மூடிவிட்டு லேப் பீரோவைத் திறந்தேன். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கார்த்திக் என்று பெயர் போட்ட தாளில் அந்தக் கொக்கி. செந்தில் தாளில். முகமது யூசுப் தாளில். சிலதில் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது, சிலதில் இடப்பக்கம். கொக்கி மட்டும் மாறவில்லை. அந்தத் தாள்கள் எந்தெந்தக் கட்டில் இருந்தன என்று பார்த்தேன். பாதி பாடக் கட்டில், பாதி பரீட்சைக் கட்டில்.

பால்பாண்டியைக் கூப்பிட்டேன்.

"பாண்டி, இந்தத் தாள் யார் எழுதுனது?"

பார்த்தான்.

"நாந்தேன் மேடம்."

"கீழ கார்த்திக்னு போட்டிருக்கு?"

"ஆமா மேடம்."

"இது?"

"அதும் நாந்தேன்."

"எம்புட்டு எழுதுன?"

"ஒரு இருவது, இருவத்தஞ்சு இருக்கும் மேடம். நான் படிக்கையில, சித்திரைத் திருவிழாவுக்கு ஹாஸ்டல் பயலுக அம்புட்டுப் பேரும் அழகரப் பாக்கப் போயிட்டாய்ங்கெ. நீங்க திங்கக்கெழம கண்டிப்பா வேணும்னு சொல்லிட்டீங்க. ஒரே மாதிரி இருந்தா கண்டுபிடிச்சிருவீங்கன்னு சாய்ச்சுச் சாய்ச்சு எழுதுனேன். ரெண்டு தாளு இடது கையில எழுதுனேன் மேடம்."

"ஆராய்ச்சிக்குக் கேட்டதை இப்படிப் பண்ணுவியாடா?"

"ஆராய்ச்சிக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம். இன்டர்னல் மார்க் அஞ்சுன்னு சொன்னீங்க. அசைன்மெண்ட்டுன்னுல நெனச்சோம்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதான். விளக்கிச் சொல்ல வேண்டுமே, எல்லோர் முன்னாலும் நின்று "இது எனக்காக, என் படிப்புக்காக, உதவி செய்யுங்கள்" என்று கேட்க வேண்டுமே என்று கூச்சப்பட்டு, ஐந்து மதிப்பெண் என்று ஒரே வரியில் முடித்துத் தாள்களை வகுப்புத் தலைவனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பேச பயந்ததுக்குக் கிடைத்த கூலி இது.

மொத்தம் இருபத்து மூன்று தாள். அவற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கணினி வாங்கிய மதிப்பெண் சரிந்தது. மிச்சத் தாள்களிலும் எத்தனை இப்படியோ என்ற சந்தேகம் வேறு பிடித்துக்கொண்டது. ரெக்கார்டு எழுதுகிற பையன் ஒரு வகுப்புக்கு ஒருத்தன் இருப்பானே!

தேவசகாயம் சாரிடம் போனேன். அவர் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"எடுத்துட்டு ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் சார்." தாளை நீட்டினேன். வாசித்தார். மடித்து மார்புப் பையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லாத" என்றார்.

நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏட்டைப் படிச்சவங்க எழுதிக் குடுத்தாச்சு. நான் முப்பதாந்தேதி வீட்டுக்குப் போறேன்மா. இப்ப நின்னுச்சுன்னா உன்னை வேற ஆளுகிட்ட மாத்துவாங்க. அவரு மொதல்லேருந்து வாசிப்பாரு. அம்பது வயசுக்கு மேலயும் நீ பஸ்ஸுல அலைவ. பட்டத்தை வாங்கிட்டு, அப்புறமா ஒரு கட்டுரையில திருத்தி எழுதிக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் என்னைப் படுத்தியது. அவர் கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்திருப்பேன். பயந்த குரலில் சொன்னார். முப்பத்தைந்து வருட வேலையின் கடைசி வாரத்தில் தன் பெயர் போட்ட ஆய்வேடு ஒன்று அரங்கில் கிழிபடுவதை அந்த மனிதர் பார்க்க வேண்டுமா? என்னால்?

அந்த எட்டு நாளும் சோறு இறங்கவில்லை. சொல்லவும் தைரியம் இல்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் கோழைகள் செய்கிற காரியத்தைச் செய்தேன். பால்பாண்டி எழுதிய ஏழாவது சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் கோழிக் கிறுக்கலில் புதிதாக ஒன்று எழுதினேன்: 'மாதிரித் தாள்களை ஒவ்வொருவரும் தாமே எழுதினார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?' மற்ற ஆறோடு அதையும் மடித்து, பேசுகிறவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிடு என்று பால்பாண்டியிடம் கொடுத்தேன். யாராவது எழுந்து கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் ஆண்டவன் விட்ட வழி. பாரத்தை முகம் தெரியாத ஒருத்தர் தலையில் கட்டிவிட்டேன்.

வைவா அன்று அரங்கில் எட்டு மின்விசிறி. எண்ணிவிட்டேன். முன்வரிசையில் வெளியூர்ப் பேராசிரியை, தேர்வாளர். ஜலதோஷம் பிடித்து, கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். மெதுவாகப் பேசுகிறவர், தமிழ்க்காரர்தான். சுவரோரம் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் தேவசகாயம் சார். பின்வரிசையில் மைசூர்பாகுப் பெட்டிகளுக்குக் காவலாகப் பால்பாண்டி.

நாற்பது நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. படங்கள் ஓடின. அந்த மதிப்பெண் அட்டவணை வந்தபோது மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். கேள்வி நேரம் வந்தது. ஒருவர் எழுந்தார், முதல் சீட்டு. பதில் சொன்னேன். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொருவர் எழும்போதும் இவரிடம்தான் அது இருக்கிறது என்று நினைத்தேன். அவர் வேறொன்றைக் கேட்டதும் உயிர் வந்தது. ஐந்தாவது. ஆறாவது.

"ஆடியன்ஸ்ல வேற யாராவது கேக்குறீங்களா?" என்றார் தேர்வாளர்.

யாரும் எழவில்லை. நான் முகம் முகமாகப் பார்த்தேன். யார் கையிலும் சீட்டு இல்லை. தேர்வாளர் பேனாவை மூடினார். பின்னால் பெட்டி பிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் என் மனதில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன்: அப்பாடா, தப்பித்தேன். வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். திரையில் 'நன்றி' என்று பெரிதாக எழுதியிருந்தது.

திரை அணைந்தது.

திரும்பிப் பார்த்தேன். சாரின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"கரண்ட் போயிருச்சும்மா" என்றார். "நீ சொல்லு."

ஒன்றிரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். எட்டு மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. சார் முகத்தைப் பார்த்தேன். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படாமல் பேசினேன் என்று நினைக்கிறேன். இருபத்து மூன்று தாள் ஒரே கை எழுதியது என்றேன். மற்றதற்கும் என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றேன். அட்டவணையில் இருக்கும் மதிப்பெண் செல்லாது என்றேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் எழுதுனது?"

"என் மாணவர்கள் மேல தப்பு இல்லைங்க மேடம். மார்க் போடுறேன்னு சொல்லி, எழுதும்போது பக்கத்துல இருக்காம வாங்கினேன். தப்பு என்னுடையது."

பின்வரிசையில் பால்பாண்டி மைசூர்பாகுத் தட்டோடு எழுந்து நின்றான். வாயைத் திறக்கப் போனான். சார் திரும்பிப் பார்க்காமலே கையைத் தாழ்த்தி, உட்கார் என்று சைகை காட்டினார்.

தேர்வாளர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு எழுந்து, இன்றைக்குப் பரிந்துரை செய்ய முடியாது, புதிதாக மாதிரி சேகரித்து மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்றார். போகும்போது என் தோளைத் தொட்டு, "நான் எத்தனையோ வைவா பாத்துட்டேன்மா" என்றார். வாங்கிவந்த மைசூர்பாகை என்ன செய்வது? கொடுத்தோம். துக்க வீட்டில் போல எல்லோரும் பேசாமல் தின்றார்கள், ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏழாவது சீட்டு என்னாயிற்று என்று பால்பாண்டியிடம் கேட்டேன். "எங்கயோ விழுந்துருச்சு மேடம்" என்றான்.

முப்பதாம் தேதி சார் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் அவருடைய மாணவர்கள் பட்டியலை வாசித்தார்கள். என் பெயர் அதில் இல்லை. என்னை வேறொரு பேராசிரியருக்கு மாற்றினார்கள். ஆய்வேட்டின் முகப்பில் சாரின் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் வந்தது. கல்லூரியில் வகுப்புகளை எடுத்துவிட்டு லேப் மட்டும் கொடுத்தார்கள். பயந்ததெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது. மணி அடித்தும் வகுப்புக்குப் போக வேண்டாத நாட்களில், அந்த வயிற்றுக் கலக்கத்தைத் தேடினேன் என்றால் நம்புவீர்களா?

தாள் சேகரிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நேரம் இருக்கும், பல ஊர்க்காரர்கள் இருப்பார்கள், முக்கியமாக எழுதுகிற கையை நான் கண்ணால் பார்க்கலாம். கேட்காமலே பால்பாண்டியும் வந்தான். அட்டையும் பேனாவும் அவன் பிடிப்பான், பேச வேண்டியது நான். அறுபது மாணவர்களிடம் பேசவே நடுங்கியவள், தேனி பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் போய், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

"எழுத்த எழுதி வாங்கிப்போயி எந்தப் பத்திரத்துல ஒட்டப்போறீக?" என்றார் ஒருவர். "கையெழுத்து வேணாம்ணே, ஆனா ஆவன்னா எழுதுனாப் போதும்" என்று பால்பாண்டி சமாதானம் சொன்னான். குடை விற்கிற பாய் ஒருவர் இருந்தார். முழுத் தாளையும் பொறுமையாக எழுதிவிட்டு, "எத்தனை நாளாச்சு இதெல்லாம் எழுதி! அல்லா நல்லாக்கி வைப்பான், பாஸாயிருவீக" என்றார். அடுத்த ஞாயிறு அவரே நாலு பேரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். எழுதத் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்வேன்.

பேருந்து நிலையத்து எழுத்தில் என் கணினி முதலில் தட்டுத்தடுமாறியது. வருகிற பஸ்ஸின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எழுதியவர்களின் எழுத்து எப்படி இருக்கும்? அதையும் படிக்கப் பழக்கினேன். பழைய அட்டவணையின் உயரத்துக்கு அது வரவே இல்லை. வந்த அளவு உண்மை.

ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது வைவா. அதே அரங்கு, அதே தேர்வாளர். சீட்டு எதுவும் வேண்டாம் என்று பால்பாண்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"யாரும் கேக்கலைன்னா என்ன மேடம் செய்றது?"

"பேசாம உக்காந்திருப்போம்டா."

பேசி முடித்தேன். கேள்வி உண்டா என்று கேட்டார்கள். அரங்கில் சத்தமே இல்லை. எட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். பேசாமல் உட்கார்ந்திருப்போம் என்று சொன்னது எளிது, நிற்கிற கஷ்டம் எனக்கல்லவா தெரியும்!

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தேவசகாயம் சார் எழுந்து நின்றார். வந்ததே எனக்குத் தெரியாது. இன்னும் மெலிந்திருந்தார். அதே அரைக்கைச் சட்டை. மார்புப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார். கோழிக் கிறுக்கலாயிற்றே, வாசிக்கச் சிரமப்பட்டார்.

"மாதிரித் தாள்களை ஒவ்வொருவரும் தாமே எழுதினார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பால்பாண்டியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். படித்துப் பார்த்துப் பயந்துபோய் முதல் வைவா அன்று காலையிலேயே சாரிடம் கொடுத்துவிட்டானாம், அப்புறம் சொன்னான். அன்றைக்கு அந்த ஒரு மணி நேரமும் சார் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒவ்வொருத்தரும் எழுதும்போது நான் பக்கத்துல நின்னேன் சார்" என்றேன்.

"சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் கூட்டக் குறிப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. கைடு என்ற இடத்தில் வேறொருவர் பெயர். கேள்விகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி. கேட்டவர்: தேவசகாயம், பொதுமக்கள். பதில்: திருப்தி.